சோடைக்காயை மேலே கொட்டிய காலை

குரங்கணி மலையில் ஒருவர் தும்மினால், போடி பஸ் ஸ்டாண்டில் அவருக்கு விஷக்காய்ச்சல் என்பார்கள். அந்தச் செய்தி சிலமலை போய்ச் சேர்வதற்குள் ஆளை அடக்கமே பண்ணிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில்தான் ஜக்கையன் ஏலக்காய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஒரே காலையில் பூட்டிக்கொண்டன.

மேனேஜர் சந்திரவல்லி பொத்தானைத் தட்டினாள். கறுத்த திரையில் சிவப்பு எழுத்துத்தான் வந்தது: உங்கள் கோப்புகள் எங்கள் கையில், பணம் தந்தால் திறப்போம். அதோடு விட்டார்களா பாவிகள்? கம்பெனியின் மெயிலில் இருந்தே வியாபாரிகளுக்கு, ‘எங்கள் பேங்க் மாறிவிட்டது, இனிமேல் இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்’ என்று அனுப்பியும் வைத்திருந்தார்கள்.

சந்திரவல்லி நெட் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பாதிச் சுவரும் கூடவே வந்துவிட்டது. போலீசில் சொல்லி, தேனியில் இருக்கும் கம்ப்யூட்டர்காரரையும் வரச் சொல்லிவிட்டு, வியாபாரிகள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டாள். “பேங்க் மாறல. அந்த மெயில் எங்களது இல்ல. ஒத்தப் பைசா போட்றாதீங்க.” நல்லவேளை, யாரும் போட்டிருக்கவில்லை.

வியாபாரிகளுக்குச் சொல்லியாயிற்று. வாசலில் மலையிலிருந்து இறங்கிய ஜீப்புகள் நின்றன. தோட்டக்காரர்கள் மூட்டையை இறக்கி எடை போட்டுவிட்டுப் போவார்கள்; கம்பெனி அதை ஏலத்தில் விற்றுப் பணத்தை அவரவர் கணக்கில் போடும். இடையில் இருப்பது கம்பெனியின் பெயர் ஒன்றுதான். அது போனால், நாளைக்கு இந்த வாசலில் ஜீப் அல்ல, மாட்டுவண்டிகூட நிற்காது.

“கரண்ட் இல்லன்னு சொல்லுவோம் மச்சான்,” என்றான் முதலாளி ஜக்கையனின் மச்சினன் மகாராஜன்.

“தலைக்கு மேல ஃபேன் சுத்துதேடா மாப்ளே,” என்றார் ஜக்கையன்.

“அப்போ மிஷின் ரிப்பேரு. ரெண்டு நாள் கமுக்கமா இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?”

ஜக்கையனுக்கு அது பிடித்துப்போன மாதிரிதான் இருந்தது. மீசையைத் தடவினார். மீசையைத் தடவினால் மனிதர் பாதி சம்மதித்துவிட்டார் என்று சந்திரவல்லிக்குத் தெரியும்.

“முதலாளி, மேல நல்ல பச்சைக்காயைப் பரப்பி, அடியில சோடைக்காயைப் போட்டு மூட்டை கொண்டாந்தா என்ன செய்வீங்க?”

“என்ன கேள்வி தாயி இது? நடுவாசல்ல கொட்டி நாலு பேர் பார்க்க வைப்பேன். அப்புறம் அவன் இந்தத் தெருப் பக்கமே தலை காட்டக் கூடாது.”

“மொத்த மூட்டையும் சோடைன்னு சொல்லியே ஒருத்தர் கொண்டாந்தா?”

“அதுக்கு ஒரு வெலை போட்டு வாங்கிக்குவேன். அடுத்த தடவையும் அவனை நம்பு…” ஜக்கையன் நடுவிலேயே நிறுத்தினார். மீசையிலிருந்து கை இறங்கியது. “வெளிய வா. நீயே பேசு. ஆனா நான் பக்கத்துல நிப்பேன்.”

வாசலில் ஜீப் டிரைவர் அன்புச்செல்வன் அதற்குள் கச்சேரியே நடத்திக்கொண்டிருந்தான். “ரஷ்யாக்காரனாம்ணே! கம்ப்யூட்டர் வழியாவே குடோன் மூட்டையெல்லாம் உறிஞ்சிட்டானாம்!”

“ஏப்பா, உறிஞ்சுனவன் சாக்கையாவது விட்டுட்டுப் போனானா?” என்று கேட்டபடி சந்திரவல்லி எடை மேடையில் ஏறினாள். கூட்டம் சிரித்தது. சிரித்து முடியும் முன் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“எங்க கம்ப்யூட்டருக்குள்ள திருட்டுப் பயலுக நுழைஞ்சுட்டானுக. பணம் கேக்குறானுக, கொடுக்க மாட்டோம். உங்க மூட்டை குடோன்ல பத்திரமா இருக்கு, போய்த் தொட்டுப் பாருங்க. கணக்கோட நகல் தனியா இருக்கு. போலீசுல சொல்லியாச்சு. எப்படி நுழைஞ்சான்னு இன்னும் உறுதியாத் தெரியல. ஆனா ஒண்ணைச் சொல்லிப்புடுறேன். இங்க அத்தனை பேரும் எட்டு எம்.எம். போல்டுன்னு ஒரே பாஸ்வேர்டைத்தான் வச்சிருந்தோம்.”

எட்டு எம்.எம். போல்டு என்பது ஏலக்காயிலேயே பெரிய ரகம். போடியில் கடைசிப் பச்சைப்பிள்ளைக்கும் அது தெரியும். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் ஒரு ஜீப்பின் ஹாரன் தானாக அலறியது. ஜக்கையன் காதுவரைக்கும் சிவந்தார். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்போது குருவம்மாள் முன்னால் வந்தாள். மலையில் பெரிய தோட்டக்காரி. அவள் முறைத்தால் ஏலச்செடி பூக்கவே பயப்படும். “ஏத்தா சந்திரவல்லி, சிரிப்பெல்லாம் இருக்கட்டும். எங்க பேங்க் நம்பரு, ஆதாரு எல்லாம் அவன்கிட்டப் போயிருச்சா?”

மகாராஜன் பின்னாலிருந்து சேலை முந்தானையை இழுக்காத குறையாக, “இல்லன்னு சொல்லு, இல்லன்னு சொல்லு,” என்று முணுமுணுத்தான்.

“போயிருக்கலாம்க்கா,” என்றாள் சந்திரவல்லி. “இன்னும் தெரியல. போயிருக்குன்னே வச்சுக்கங்க. எங்க பேரைச் சொல்லி யார் ஓ.டி.பி. கேட்டாலும் கொடுக்காதீங்க. தெரிஞ்சதும் உங்களுக்கு நானே சொல்வேன், நல்லதோ கெட்டதோ.”

குருவம்மாள் திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தாள். அவள் ஏறிப் போனால் பின்னாலேயே மொத்த மலையும் ஏறிப் போய்விடும். சந்திரவல்லி மேடையைவிட்டு இறங்கவில்லை. சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்கத் தோன்றவும் இல்லை.

குருவம்மாள் ஜீப்பின் பின்கதவைத் தட்டினாள்.

“அன்பு, என்ன வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிற? லோடை எறக்கு, வெரசா!” பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். “நான் பேங்குக்குப் போயி வேற கணக்குத் தொறந்துட்டு வர்றேன். அதுக்குள்ள பழைய கணக்குல பணத்தைப் போட்டீக, இந்த வாசல்லயே உக்காந்து ஊரைக் கூட்டுவேன்.”

“கூட்டுங்கக்கா. மைக்கு நானே தர்றேன்.”

அன்புச்செல்வன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சோகமாக வந்தான். “மேல போயிச் சொல்றதுக்கு ஒண்ணுமே மிச்சம் வைக்கலியே மேடம்!”

“நான் சொன்னதை மட்டும் சொல்லு அன்பு. அதுவே மூணாறு வரைக்கும் தாங்கும்.”

அவனுக்குப் பின்னால் அடுத்த ஜீப்பின் தார்ப்பாய் விலகியது. மகாராஜனே ஓடிப்போய் முதல் மூட்டையைப் பிடித்தான்.