ஐந்தாவது பட்டன்

"போச்சு. மேல தூக்கி அடிச்சிட்டான்," என்றார் மாஸ்டர்.

பச்சைப் பொய். பந்து வலைக்குள் கிடந்தது. எதிரணி கோல்கீப்பர் புல்லில் குப்புற விழுந்திருந்தான். மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒருவன் மேல் ஒருவன் ஏறிக் குவியலாகக் கிடந்தார்கள். மாஸ்டர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் திரும்பாமல், தலையணை பறந்து வந்து மண்டையில் விழும் என்று காத்திருந்தார்.

தலையணை அவர் மனைவியின் முகத்தில் இருந்தது. தொண்ணூறு நிமிடமும் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பவள், பெனால்டி என்று வந்துவிட்டால் பார்க்க மாட்டாள். டிவி சத்தத்தையும் நிறுத்திவிடச் சொல்வாள். சோபா மூலையில் காலை மடித்துக்கொண்டு, வலது கையால் தலையணையை முகத்தோடு அழுத்திக்கொள்வாள். ஒவ்வொரு அடிக்கும் என்ன ஆயிற்று என்று மாஸ்டர்தான் சொல்ல வேண்டும். மடியில் ஐந்து மஞ்சள் பட்டன்கள் இருக்கும். நம் ஆள் அடித்தது கோல் என்றால் ஒரு பட்டனை எடுத்து இடது கைக்குள் மூடிக்கொள்வாள். இல்லையென்றால் அது மடியிலேயே கிடக்கும்.

அவள் டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. கடை போட்ட புதிதில் அந்தக் கால்பந்து கிளப்பிலிருந்து ஒருவர் வந்து, காலர் வைத்து பட்டன் வைத்து இருபத்திரண்டு மஞ்சள் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஆறு கோல் வாங்கித் தோற்றார்கள். "சட்ட நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள் அவள். மிச்சமிருந்த ஐந்து பட்டன்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இருபத்தொன்பது வருடமாக விடவில்லை. கிளப் அதற்கப்புறம் எத்தனையோ சட்டை மாற்றிவிட்டது. இவள் மாறவில்லை. தெருவில் எல்லோரும் ஜெயிக்கிற அணியாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். மஞ்சள் சட்டைக்கு அந்தத் தெருவில் ஒரே ஒருத்திதான் ஆள்.

இந்த வருடம் அதிசயமாக நாலாவது இடத்துக்கு வந்து, முதல் நாலு அணிகளுக்கு மட்டும் நடக்கிற ப்ளே-ஆஃபில் கால் வைத்துவிட்டார்கள். கிளப் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. ஒரு வாரமாக அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தைக்க வந்த துணியெல்லாம் மூட்டையாகவே கிடந்தது. மாஸ்டரின் வெள்ளைச் சட்டையில் வயிற்றுக்கு நேரே ஒரு பட்டன் போய்விட்டது.

"டெய்லர் புருஷன் ஊக்கு குத்திக்கிட்டுத் திரியுறான்னு ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். ஃபைனல் முடிஞ்சதும் தச்சுத் தரேன், பேசாம இருங்க."

அரையிறுதி ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போயிற்று. எதிரணி ஒன்றை வெளியே அடித்துவிட்டது. நம் ஆட்கள் முதல் நாலையும் அடித்துவிட்டார்கள். "நாலு," என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. ஐந்தாவதும் விழுந்தால் ஃபைனல். விழுந்தது. அப்போதுதான் மாஸ்டருக்குக் குறும்பு தலைக்கேறியது.

"என்ன, பேச்சையே காணோம்? விடு. இன்னும் இருபத்தொன்பது வருஷம் இருக்கு."

தலையணை பறந்து வரவில்லை. மெதுவாக வழுக்கி அவள் மடியில் விழுந்து, அங்கிருந்து தரைக்குப் போயிற்று.

அவள் கண் பாதி திறந்திருந்தது. வாயும் கொஞ்சம் திறந்திருந்தது.

"நடிக்காத," என்றார் மாஸ்டர். "கோல்தான். பாரு, குதிக்கிறானுங்க."

அவள் பார்க்கவில்லை. தோளைத் தொட்டார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் நாலு என்று எண்ணியவள். மாஸ்டருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவரை யார் கேட்டாலும் தெரியாது. வீடு முழுக்க ஆயிரம் பேர் கத்தினார்கள்.

ஆம்புலன்ஸில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொடுக்கிற காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வழி முழுக்க அவருடைய வலது கால் வண்டியின் வெறும் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்க்கிற மகள், அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே ஓடி வந்தாள். டாக்டர் சின்ன வயதுக்காரி. ரொம்பப் பொறுமையாகப் பேசினாள்.

"எப்ப மயக்கமானாங்கன்னு கரெக்டா சொல்ல முடியுமா சார்?"

"அஞ்சாவது பெனால்டி," என்றார் மாஸ்டர். டாக்டருக்குப் புரியவில்லை. அவர் அடுத்ததைக் கேட்டார். "திடீர்னு கெட்டது எதையாவது கேட்டா இப்பிடி ஆகுமா?"

"ரத்தக்குழாய்ல ஏற்கெனவே அடைப்பு இருந்திருக்கும் சார். என்னிக்கு வேணா நடந்திருக்கும்."

என்றைக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கும். ஆனால் இன்றைக்கு, இவர் வாயைத் திறந்த நேரத்தில் அல்லவா நடந்தது. இருபத்தொன்பது வருடம் காத்திருந்தவளுக்கு இவர் கடைசியாகக் கொடுத்தது "போச்சு" என்ற ஒரு சொல். அதை நம்பிக்கொண்டே போய்விட்டாளா? அதுதான் கொன்றதா? யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஸ்ட்ரெச்சரில் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். தையல் மெஷினைச் சுவரோடு ஒதுக்கியிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது. பேப்பரில் மஞ்சள் சட்டைக்காரர்களின் படம் முதல் பக்கத்திலேயே வந்திருந்தது. வந்தவர்கள் ஒருவர் விடாமல் ஒரே பேச்சைப் பேசினார்கள்.

"நெனச்சது நடந்துருச்சு, சந்தோஷமாத்தான் போயிருக்கா."

ஒவ்வொரு தடவையும் மாஸ்டருக்கு வயிற்றில் குத்தியது. ஊக்குதானோ என்று தொட்டுப் பார்த்தார். ஊக்கு சரியாகத்தான் இருந்தது.

மனைவியின் தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஜெயிச்சது அக்கா காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. நான்தான் சொன்னேன். சிரிச்சா."

கொழுந்தியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. மாஸ்டருக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அவர் குரல் அவ்வளவு ஒழுங்காக வந்திருந்தது. மனைவி சொல்வாள்: "உண்மையச் சொல்லும்போது திக்கித் திணறுவீங்க. பொய் சொல்லும்போது ரேடியோ மாதிரி கணீர்னு வரும். என்கிட்ட உங்க பாச்சா பலிக்காது, மாஸ்டர்." நேற்று "போச்சு" என்றபோது எப்படி வந்தது? நினைத்து நினைத்துப் பார்த்தார். ஞாபகத்தில் சொல்தான் இருந்தது, குரல் இல்லை.

அப்போதுதான் பட்டன் நினைவு வந்தது.

அவள் அவர் பேச்சை நம்பியிருந்தால் ஐந்தாவது பட்டன் மடியிலேயே கிடந்திருக்கும். தூக்கும்போது எங்கேயாவது உருண்டிருக்கும். மாஸ்டர் எழுந்து உள்ளறைக்குப் போனார். அத்தனை பேர் பார்க்கத் தரையில் மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் கையை விட்டார். தூசியோடு ஒரு கோட் பட்டன் வந்தது. இரண்டு வெள்ளைச் சட்டைப் பட்டன் வந்தது. ஒரு கொக்கி, அப்புறம் பிள்ளைகளின் சட்டைக்கு வைக்கிற பூப்போட்ட பட்டன் ஒன்று. டெய்லர் வீட்டில் பட்டனுக்கா பஞ்சம். மஞ்சள் மட்டும் வரவில்லை. சோபாவை இழுத்தார். யாரோ, "பாவம், மனசு பேதலிச்சுப் போச்சு," என்று சன்னமாகச் சொன்னார்கள். மகள் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"என்னப்பா தேடுறீங்க?"

"பட்டன். மஞ்சள் பட்டன்."

"அது என்கிட்ட இருக்குப்பா. ஆஸ்பத்திரியில மோதிரம், கம்மலோட சேத்து ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க."

"எத்தன?"

"எண்ணலப்பா. கவர இன்னும் பிரிக்கவே இல்ல."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பின் அடித்த பழுப்புக் கவர். மாஸ்டரால் அதைப் பிரிக்க முடியவில்லை. பயமாக இருந்தது. நாலு இருந்தால் என்ன செய்வது? மிச்ச வாழ்நாள் முழுக்க இந்த நாலோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

"நீ பிரி," என்றார்.

மகள் கட்டிலில் கவிழ்த்தாள். மோதிரம் விழுந்தது, கம்மல் விழுந்தது, பட்டன்கள் விழுந்தன. நாலு. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மகள் கவரைத் தட்டினாள். மூலையில் ஒட்டியிருந்த ஒன்று கம்மலின் மேல் விழுந்து, கட்டிலில் அரை வட்டம் போட்டு நின்றது.

ஐந்து.

"எல்லாமே... கைக்குள்ளதான் இருந்துச்சா? மடியில இருந்து எடுத்தாங்களா?"

"கைக்குள்ளதான்ப்பா. நர்ஸ் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தாங்க. நான் பக்கத்துலயேதான் நின்னேன்."

முன்கூட்டி எடுத்து வைக்கிற ஆளில்லை அவள். அளவு எடுக்காமல் ஒரு முழம் துணி வெட்டாதவள். இவர் "போச்சு" என்று சொன்ன பிறகுதான் அதை எடுத்திருக்கிறாள். தலையணைக்கு உள்ளே கண்ணை மூடிக்கொண்டு, இந்த மனுஷன் குரல் ஏன் இவ்வளவு கணீரென்று இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். மடியைத் தடவி எடுத்து மூடிக்கொண்டிருக்கிறாள். அடுத்து தலையணையை வீசியிருப்பாள். அதற்குத்தான் நேரம் இல்லாமல் போயிற்று.

"என்னப்பா?" என்றாள் மகள். "என்னாச்சு, சொல்லுங்க."

"அ... அவ... நான் வந்து..." மாஸ்டர் திக்கினார். ஒரு சொல்லும் ஒழுங்காக வரவில்லை. கடைசியில் அவர் கேட்டது வேறு.

"உங்கம்மா ஊசி எங்க வெப்பா?"

மெஷின் டிராயரிலிருந்து ஊசியும் நூலும் வந்தன. மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து ஊக்கைக் கழற்றினார். ஊசியில் நூல் கோர்க்கவே ஏழெட்டுத் தடவை ஆயிற்று. மகள் கையை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை. சட்டையைக் கழற்றாமல், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டு தைத்தார். வண்டி வந்துவிட்டது என்று வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.

நூலை வெட்ட வேண்டும். கதவு வழியே தெரிந்த முன்னறையில், அவளுடைய கத்தரிக்கோல் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. அதை வேறு யாரும் தொட அவள் விட்டதே இல்லை. மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊசியை மட்டும் நூலிலிருந்து உருவி மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளைச் சட்டை. நடுவில் கோணலாக ஒரு மஞ்சள் பட்டன். அதிலிருந்து ஒரு சாண் நூல் தொங்கிக்கொண்டிருக்க, அவர் முன்னறைக்குப் போனார்.