அமலா வீட்டுப் பீங்கான் தட்டு

கனகத்துக்கு வயிறு எரிய ஆரம்பித்தது கம்பெனி பஸ்ஸில்தான். சுங்குவார்சத்திரத்தில் ஏறினால் ஜன்னலோரம் அமலா, பக்கத்தில் கனகம். அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. இப்போது செல்போன் கம்பெனியில் ஒரே ஷிப்டு, ஒரே ஹவுஸ்கீப்பிங் வேலை. அன்றைக்குப் பார்த்தால் கனகத்தின் இடத்தில் வேல்விழி உட்கார்ந்திருக்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, போன் பாகங்களைப் பூட்டும் லைன் வேலைக்கு வந்த பெண். குடியிருப்பதோ கனகம் வாடகைக்கு விட்டிருக்கும் அறையில்! அவளும் அமலாவும் செல்போனில் ஒரு படத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி அது?" என்றாள் கனகம், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"கிறிஸ்துமஸ் தட்டு கனகம். நேத்து லீவுல இந்த வேலுவோட தி.நகர் போயி வாங்கியாந்தேன். இந்த வருசம் மேசை போட்டு சாப்பிடப் போறோம்."

வெள்ளைப் பீங்கான். விளிம்பில் பச்சை இலையும் சிவப்புப் பழமும், அதற்கு வெளியே மெல்லிய தங்கக் கோடு. அழகாகத்தான் இருந்தது, சனியன். தன்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே!

"பீங்கானா? கை தவறினா தூள் தூளாப் பூடுமே," என்றாள் கனகம். அக்கறையாகச் சொல்வதுபோலச் சொன்னாளே தவிர, மனசு முழுக்கச் சாபம்தான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேல்விழி குழாயடியில் பாட்டு முணுமுணுத்தால் எரிச்சல், முணுமுணுக்காவிட்டால் அதைவிட எரிச்சல். அந்தப் பெண்ணாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததா? "கிறிஸ்துமஸ் அன்னைக்கு எனக்கு அமலாக்கா வீட்லதான் சாப்பாடுக்கா. ஒரு தட்ட எனக்குன்னே எடுத்து வச்சிருக்காவ," என்று பல் விளக்கிக்கொண்டே சொன்னது. கனகம் குடத்தை நங்கென்று வைத்தாள். எனக்குன்னே! இத்தனை வருசப் பழக்கத்தில் அமலா தனக்கென்று ஒரு டம்ளராவது எடுத்து வைத்திருக்கிறாளா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கனகத்தின் வீடு ஊருக்குள். அமலாவின் வீடு காலனியில். கிறிஸ்துமஸுக்கு அதிரசமும் முறுக்கும் கேக்கும் அங்கிருந்து இங்கே வரும். தீபாவளிக்கு இங்கிருந்து அங்கே போகும். பலகாரத்துக்கு ஒரு தடையும் இல்லை. சோறுதான் வேறு கதை. அமலா வீட்டில் கனகம் ஒரு கவளம் உண்டது கிடையாது. கம்பெனி கேன்டீனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி தட்டிலிருந்து இன்னொருத்தி அப்பளம் எடுத்துத் தின்பார்கள். கம்பெனிச் சோற்றை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுச் சோற்றை எடுத்துக்கொள்ளும். அமலா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாப்பிடக் கூப்பிடுவாள். "மார்கழி மாசம்டி, கவுச்சி துன்ன மாட்டேன்," என்பாள் கனகம். கிறிஸ்துமஸ் எந்த வருசமும் மார்கழியைத் தாண்டி வந்ததில்லை என்பது அவளுக்குப் பெரிய வசதி.

இதெல்லாம் கனகத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வயிறு எரியும்போது யார் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பூந்தமல்லி போனாள். பேன்சி ஸ்டோரில் இருந்ததிலேயே பெரிய பெட்டியைக் காட்டச் சொன்னாள். தட்டு, கிண்ணம், குழம்பு ஊற்ற மூடி போட்ட பாத்திரம், எல்லாவற்றிலும் கிறிஸ்துமஸ் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார்.

"நீங்க கிறிஸ்டியனாம்மா?"

"ஏன், பொட்டு வச்சவங்களுக்கு விக்க மாட்டியா? கட்டுய்யா."

வீட்டில் அவள் புருசன் கோதண்டம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னாமே, தாத்தாவ வூட்டுக்கு இட்டாந்துட்டே?"

"அமலாவுக்கு."

"அதான் அவங்க புதுசு வாங்கிக்கினாங்களே?"

"இது அதவிடப் பெருசு," என்றாள் கனகம்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு காலனிக்குப் போனாள். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. உள்ளே பிளாஸ்டிக் மேசை மேல் பூப்போட்ட விரிப்பு. அமலாவின் புருசன் ஜீவானந்தம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில் வேல்விழி, பட்டுப்பாவாடை கட்டாத குறையாக. தங்கக் கோடு போட்ட தட்டுகள் வரிசையாக இருந்தன.

"அமலா! இந்தா!" என்று பெட்டியை மேசை நடுவிலேயே வைத்தாள் கனகம்.

பெட்டியைப் பிரித்த அமலா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ கனகம், எனக்கா? இவ்ளோ பெருசாவா?" உடனே பரபரவென்று தி.நகர்த் தட்டுகளை அடுக்கி ஓரமாக வைத்தாள். புதுத் தட்டுகளைக் கழுவித் துடைத்துப் போட்டாள். வேல்விழி தன் தட்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகம் வேல்விழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் வயிறு குளிர்ந்தது.

"மொதல் தட்டு உனக்குத்தான். குந்து," என்று அமலா நாற்காலியை இழுத்தாள்.

இதைக் கனகம் யோசிக்கவேயில்லை. "மார்கழிடி..."

"தெரியும். உனக்குன்னு கறி படாத பாத்திரத்துல சாம்பாரும் உருளைக்கிழங்கும் தனியா ஆக்கி வச்சிருக்கேன். வருசா வருசம் ஆக்கறதுதான். நீ வர மாட்டே. ராவுல நாங்களே துன்னுடுவோம்."

தாத்தாவின் முகத்தின் மேல் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. ஆவி பறந்தது. கனகம் நின்றபடியே அதைப் பார்த்தாள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கண்முன் வந்து போனார்கள். யாராவது கேட்டால் என்ன சொல்வது?

"வூட்ல அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன் அமலா," என்றாள்.

அமலா கோபப்படவில்லை, முகம்கூட வாடவில்லை. பழகிப்போனவள் போல "சரி கனகம்," என்றாள். தட்டை எடுத்து வேல்விழியின் பக்கம் நகர்த்தினாள். "நீயே துன்னுடு வேலு. சோறு வீணாவக் கூடாது."

வேல்விழி ஒன்றும் யோசிக்காமல் சோற்றில் கையை வைக்கப் போனாள். அவ்வளவுதான், கனகத்துக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். மேசை மேல் பாய்ந்து தட்டின் விளிம்பைப் பிடித்தாள்.

"வுடுடி. அது என் தட்டு."

இழுத்த வேகத்தில் சாம்பார் விரிப்பில் சிந்தியது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிசைந்தாள். வாயில் போட்டாள். ஜீவானந்தம் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். ஊர்ப் பெண்கள் யாரும் இப்போது கண்முன் வரவில்லை.

அமலா கரண்டியோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். பதினைந்து வயதிலிருந்து சமைக்கிறவள், புதுப்பெண் மாதிரித் தயங்கிக் கேட்டாள்.

"உப்பு சரியா கீதா கனகம்?"

இத்தனை வருசத்தில் அமலாவால் கனகத்திடம் கேட்க முடியாத கேள்வி.

"கம்மிதான்," என்றாள். "இன்னும் சாம்பார் ஊத்து. மொதல்ல எனக்கு, அப்புறம் அவளுக்கு."