யாரும் தொடாத சர்வர்

“யாரும் தொடலம்மா” என்பது என் தொழிலில் நான் தினமும் கேட்கிற பொய். சொல்கிறவர்களுக்கே அது பொய் என்று தெரியாது. அதனால் அவர்கள்மேல் கோபப்படவும் நியாயமில்லை. இருந்தாலும் எனக்குக் கோபம் வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கயல்விழியான எனக்கு வாய் ஜாஸ்தி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். வாயில்லாத பெண் இந்தத் தொழிலில் கடையைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சிதம்பரத்தில் டாக்டர் தட்சிணாமூர்த்தியின் ஸ்கேன் சென்டருக்கு சர்வர் போட்டுக் கொடுத்தது நான்தான். ஒரே பெட்டி. அதற்குள் மூன்று தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல மென்பொருளால் பிரித்திருந்தேன். ஒன்று பில்லுக்கு, ஒன்று ரிப்போர்ட்டுக்கு, மூன்றாவது ஸ்கேன் படத்துக்கு. ஸ்கேன் மெஷினிலிருந்து வரும் படத்தை வாங்குவதற்கு ஒரு கார்டு பெட்டிக்குள் செருகியிருக்கும். அந்தக் கார்டை முழுசாக மூன்றாவதின் கையில் ஒப்படைத்திருந்தேன். மற்ற இரண்டும் அதன் பக்கம் போக முடியாது. காலையில் ஆபரேட்டர் இலக்கியா வந்து அந்த மூன்றாவதை ஆன் செய்வாள். அவ்வளவுதான் வேலை. ஒரு வருஷமாக ஒரு புகார் கிடையாது.

ஆயுத பூஜை லீவு முடிந்து திறந்த அன்று அவள் ஆன் செய்ததும் மொத்தப் பெட்டியும் படுத்துவிட்டது. பில் நின்றது, ரிப்போர்ட் நின்றது. மறுபடி பவர் கொடுத்தால் அவை இரண்டும் ஒழுங்காக ஓடும். இலக்கியா ஸ்கேனை ஆன் செய்தால் திரும்பவும் எல்லாம் விழும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தப் பெண் கை வைத்தால்தான் விழுகிறது என்றுதான் நினைப்பார்கள்.

மறுநாள் நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது டாக்டரின் மனைவி மாலதி வாசலிலேயே ஆரம்பித்தார். சென்டரின் நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான்.

“அந்தப் பொண்ணு என்னாத்தயோ அமுக்கி வச்சிருக்கா கயல். நேத்தே வேலய விட்டு நிறுத்தியாச்சு. அவுங்க அப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்.”

“அப்பாவுக்கு எதுக்கு மேடம்?”

“பின்ன, பொண்ணு லட்சணம் வீட்ல தெரிய வேணாமா?”

இலக்கியா உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சென்டர் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தன் ஊர் குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

“எப்பவும் அமுக்குறதத்தான் அக்கா அமுக்குனேன்,” என்றாள். “எங்கப்பா எந்த வேலைக்குமே போவ வேணாம்னுட்டாரு. வீட்லயே கெடன்னு சொல்றாரு.”

அந்த வேலைக்காக அவள் எத்தனை பேரிடம் கேட்டு அலைந்தாள் என்று எனக்குத் தெரியும். “நீ கெளம்பாத. இங்கியே உக்காரு,” என்றேன்.

மாலதியிடம் கேட்டேன். “பெட்டிய யாராச்சும் தொறந்தீங்களா?”

“யாரும் தொடல.”

சரி என்று என் வேலையைப் பார்த்தேன். யுபிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தேன். மெமரியைச் சோதித்தேன், பழுதில்லை. நானே ஸ்கேனை ஆன் செய்தேன். என் கைக்கும் விழுந்தது. “பாத்தீங்களா மேடம், எனக்கும் வுழுவுது,” என்றேன். மாலதி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடந்ததையெல்லாம் சர்வர் தன் டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் ஆன் ஆகும் இடத்தில் எழுத்து பாதியில் அறுந்திருந்தது. எந்தத் தப்பும் பதிவாகவில்லை. எழுத்து ஏன் அறுகிறது? எழுதுகிற டிஸ்க்கே அந்த நொடியில் காணாமல் போனால்தான் இப்படி ஆகும்.

டிஸ்க்கை யார் பிடுங்கியது? பெட்டிக்குள் செருகியிருக்கும் சாமான்களுக்கு அவை இருக்கும் இடத்தை வைத்து மேலிருந்து வரிசையாக நம்பர் உண்டு; ஒன்று இடம் மாறினால் மற்றவற்றின் நம்பரும் மாறிவிடும். ‘ஒன்றாம் நம்பரை ஸ்கேனுக்குக் கொடு’ என்று நான் எழுதியிருந்தேன். அன்றைக்கு ஒன்றாம் நம்பர், கார்டு. இப்போது பார்த்தால் ஒன்றாம் நம்பரில் இருப்பது டிஸ்க். கார்டு நான்காம் நம்பருக்குப் போயிருந்தது. சர்வர் நான் சொன்ன சொல்லைத் தட்டாமல், தன் உயிரையே எடுத்து ஸ்கேனுக்குக் கொடுத்துவிட்டுச் செத்துக்கொண்டிருந்தது.

கார்டு தானாக நடந்து போகாது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. மேல் இடத்தில் இருக்க வேண்டிய கார்டு கீழே செருகியிருந்தது. அதன் தகரப் பட்டையில் அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

“மேடம், யாரும் தொடலன்னீங்களே.”

“ஆமா, யாரும் தொடலயே.”

“இது என்ன?”

“அட, அது பூஜைக்குத் தொடச்சது. ஒரே தூசி. நான்தான் அந்தக் கார்டக் கழட்டித் தொடச்சு, பொட்டு வச்சு மாட்டுனேன். மேல மாட்டப் போனா ஒயர் இடிச்சுது. கீழ காலியா இருந்துது, அங்க வச்சுட்டேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “அது தொடறதுல சேருமா?”

அவர் ஏமாற்றவில்லை. பூஜைக்குத் துடைப்பதை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? என் வீட்டிலும்தான் மிக்ஸியிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் பொட்டு வைக்கிறோம். ஆனால் பழியை ஒரு பெண்ணின் தலையில் கட்டியாகிவிட்டதே. எனக்கு ஆறவில்லை.

கார்டை மேலே மாட்டி, நம்பர்களைச் சரிபார்த்துவிட்டு, “இலக்கியா, நீயே வந்து ஆன் பண்ணு,” என்றேன்.

“வேணாங்கக்கா. நான் தொடல.”

“தொடு, நான் இருக்கேன்.”

தொட்டாள். எதுவும் விழவில்லை. திரையில் ஸ்கேன் படம் சாம்பல் நிறத்தில் வந்து நின்றது.

தன் அறையிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “ஏம்மா, கரண்ட் ஏத்த எறக்கத்துல ஆச்சுன்னு சொல்லிடேன். அந்தப் பொண்ணும் வேலைக்கு வரட்டும். யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம் பாரு.”

“கஷ்டப்பட்டவ அங்க உக்காந்திருக்கா சார்,” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. அதற்குத்தானே வாய் இருக்கிறது.

இலக்கியா எழுந்தாள். “மேடம், எங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு.”

மாலதியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மறுக்கவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். இலக்கியாவின் அப்பா உத்திராபதி கூலிக்கு வயல் வேலை பார்ப்பவர். மாலதி வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

“வணக்கங்கம்மா. நானே கூப்புடணும்னு இருந்தேன். புள்ள பண்ணது தப்புதாங்க. படிச்சிருக்காளேன்னு நம்பி அனுப்பிட்டேன். இனிமே எங்கியும் போயி கை வைக்க மாட்டா. மனசுல வச்சுக்காதீங்கம்மா.”

மாலதி இலக்கியாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேங்க. உங்க பொண்ணு ஒண்ணும் பண்ணல. நான்தான் தெரியாம மாத்தி மாட்டிட்டேன்.”

“உங்களுக்குப் பெரிய மனசும்மா. அவளுக்காவ நீங்க இப்புடி சொல்றீங்க.”

“இல்லைங்க. நெசமாவே நான்தான். அவமேல எந்தத் தப்பும் இல்ல.” மாலதி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “எல்லார் முன்னாடியும் அவளப் பேசினது என் தப்பு.”

“அப்பன்னா நேத்து அவள அடிச்சிட்டனே,” என்றார் உத்திராபதி.

மாலதி போனை இலக்கியாவிடம் நீட்டினார். அவள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள். “அழாதீங்கப்பா,” என்றாள். “நாளைக்கு வேலைக்கு வரேன்னு சொல்லட்டுமா?”

அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கே வேலையப் பாக்கச் சொல்றாரு மேடம்,” என்றாள்.