மீதி யாரிடம் இருக்கிறது?

கழித்துப்போட்ட புத்தகம், எதை எடுத்தாலும் பத்து ரூபாய். டவுன் நூலகத்தின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இப்படி ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான், கூட்டம் அள்ளிக்கொண்டு போயிற்று. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கைடுகளுக்கு முட்டி மோதினார்கள். ஒரு வடைக்கடைக்காரர் கதைப் புத்தகங்களின் தாளைத் தடவித் தடவிப் பார்த்து, எண்ணெய் இழுக்கிற தாளாக ஒதுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். முத்துத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அந்தக் கட்டுக்குள் கையை விட்டாள்.

"யம்மா, அது நான் எடுத்து வச்சது!"

"இருந்துட்டுப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுத் தாரேன். எம்புருசன் உசுரு இதுக்குள்ள கெடக்கு."

அவள் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் இருக்கிற அவள் வீட்டில் புருசன் சோலை கட்டிலோடு கிடந்தார். சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு கிட்னியைத் தின்றது. இன்னும் பத்து நாளோ என்னமோ என்று சொல்லி மதுரையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சாகக் கிடக்கிற மனுசன் என்ன கேட்பார்? மகனைப் பார்க்கணும் என்பார், இளநீர் வேணும் என்பார். இவர் கேட்டது ஒரு கதையின் முடிவு.

"அந்தக் கப்பக்காரன் கரை சேந்தானா இல்லையான்னு தெரியணும் முத்தாயி. தெரியாமப் போகக் கூடாது."

கண்மாயில் முழங்கால் தண்ணீர் கண்டாலே அதிசயம் என்கிற ஊரில் பிறந்துவிட்டு, இவருக்குக் கப்பல் கதை! திருப்பூரில் இருக்கிற மகனும் போனில் தேடிப் பார்த்துவிட்டான். அந்தப் புத்தகம் இப்போது அச்சிலேயே இல்லையாம்.

அந்த முடிவைத் தொலைத்தது யார் என்று முத்துத்தாய்க்குத் தெரியும். சாட்சாத் அவளேதான்.

பதினெட்டு வருசம் இருக்கும். ஐப்பசி மழை பெய்து, கரிசலில் கால் வைக்கிற பதம் வந்துவிட்டால் அன்றைக்கே விதைத்தாக வேண்டும். இருந்தது ஒரே டிராக்டர், புஞ்சை புஞ்சையாக முறை வைத்து வரும். இவர்கள் புஞ்சைக்கு வந்தபோது ஆளைக் காணோம். டிரைவர் ரெண்டு சத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த புஞ்சைக்குப் போய்விட்டான். ஐயா எங்கே? இதே டவுன் நூலகத்தில் எடுத்த புத்தகத்தோடு வீட்டு வேப்பமரத்தடியில்! விசயம் தெரிந்து அவர் டிராக்டரைத் துரத்திக்கொண்டு ஓடினார். மறுபடி முறை வருவதற்குள் ஈரம் காய்ந்து, அந்த வருசத்துப் பருத்தி அம்போ.

அவர் ஓடின கையோடு முத்துத்தாய் புத்தகத்தை எடுத்தாள். பின்னாலிருந்து கைக்கு வந்த பக்கங்களைப் பிய்த்து அடுப்பில் வைத்தாள். சோறு பொங்கும் முன்பே கோபம் ஆறிவிட்டது. ஆறி என்ன செய்ய? மறுநாள், "எந்தப் பாவியோ கடைசிப் பக்கத்தையெல்லாம் கிழிச்சிருக்கான்" என்று அவர் கிடந்து புலம்பியபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாவியைப் பதினெட்டு வருசமாக அவளிடமே ஏசிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே இன்னொரு பிரதி, முழுசாக ஒன்று, இந்தக் கொட்டகையில் கிடந்துவிட்டால் போதும். ரெண்டு மணி நேரம் கிளறினாள். கப்பல் படம் போட்ட அட்டை வடைக்கடைக்காரர் கட்டிவைத்த கட்டுக்கு அடியில்தான் கிடந்தது. அவள் கடைசியைப் புரட்டினாள். இருநூற்றுத் தொண்ணூறாம் பக்கம், அதற்கு அப்புறம் கிழிசல்.

கடைசி வரிக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது. 'மீதி யாரிடம் இருக்கிறது? தயவுசெய்து சேர்க்கவும். சோலை.' அதற்குக் கீழே, பிறகு வாசித்தவர்கள் ஆளுக்கு ஒரு பேனாவில் எழுதியிருந்தார்கள். 'எனக்கும் தெரிய வேண்டும்.' 'எனக்கும்.' 'கிழித்த கை அழுகிப் போகட்டும்.'

எட்டாம் வகுப்பு வரை படித்தவள்தானே, எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள்.

நூலகர் ஈஸ்வரி புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "கடைசிப் பக்கமே இல்லையேம்மா. அஞ்சு ரூவா குடுங்க, போதும்."

கீரைக்கட்டுக்கே மல்லுக்கு நிற்கிற முத்துத்தாய், பத்து ரூபாயையே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

இல்லை என்று சொல்லத்தான் வீட்டுக்குள் வந்தாள். "கெடச்சிருச்சா?" என்று அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எவள் இல்லை என்பாள்?

"கெடச்சிருச்சுங்க. இது வேற புத்தகம். முழுசா இருக்கு."

"முதல்லருந்து வாசி."

வாசித்தாள். தினம் காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு, கட்டில் ஓரம் உட்கார்ந்து வாசித்தாள். பத்து நாள் என்றார்களே, இருபது நாள் ஆனது. புத்தகம்தான் மனுசனை நிறுத்தி வைத்திருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். அவளோ பக்கத்தை எண்ணினாள். தலைவலி என்றாள், கண் கூசுது என்றாள், இருபது பக்கத்தைப் பத்துப் பக்கமாகக் குறைத்தாள். தானாக ஒரு முடிவு கட்டிச் சொல்லலாம் என்றும் யோசித்தாள். கடலையே பார்க்காதவள் என்னத்தைக் கட்டுவாள்? அவருக்கோ கிழிசல் வரைக்கும் கதை தலைகீழ்ப் பாடம், ஒட்டாத முடிவைச் சொன்னால் பிடித்துவிடுவார். அந்தக் கிழிசல் வருவதற்குள் இவரைக் கூப்பிட்டுக்கொள்ளப்பா என்று அய்யனாரிடம் வேண்டினாள். கட்டின புருசனுக்கு இப்படி ஒரு வேண்டுதலா என்று அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அய்யனார் காது கொடுக்கவில்லை.

"இன்னைக்குத் தெம்பா இருக்கு. முடிச்சிரு" என்றார் சோலை.

இருநூற்றுத் தொண்ணூறு. புயலில் பாய்மரம் முறிகிறது, கப்பல்காரன் பலகையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கிறான். பக்கம் தீர்ந்தது.

"ஏன் நிப்பாட்டிட்ட? வாசி."

அவள் மேலும் வாசித்தாள். "மீதி யாரிடம் இருக்கிறது? தயவுசெய்து சேர்க்கவும். சோலை."

புத்தகத்தை மூடிக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"அதே புத்தகம்தான். அன்னைக்கு டிராக்டரு போன ஆங்காரத்துல நாந்தான் கிழிச்சு அடுப்புல வச்சேன். என்னைய என்ன வேணாலும் ஏசுங்க."

அவர் ஏசவில்லை. ஏதோ ஒரு கடைசி வழி இருக்கிற மாதிரி, அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அடுப்புல வைக்கிறதுக்கு முந்தி, ஒரு பக்கமாவது வாசிச்சியா முத்தாயி?"

"இல்லையேங்க."

சோலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவள் கஞ்சியைக் கொண்டுபோனபோது வேண்டாம் என்றார்.