மயில்கொன்றை நெற்று வெடிக்கும் ஓசை

1

இக்கதை என் சன்னலுக்கு வெளியே வெடித்த ஒரு நெற்றிலிருந்து பிறந்தது. மயில்கொன்றையின் காய் முற்றிக் காய்ந்ததும் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு 'டக்'கென்று பிளந்து விதையை எறியும். அப்போது நான் மரணத்தைப் பற்றிக் கனமானதொரு வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தேன். வாக்கியம் செத்தது.

2

முதல் தொடக்கம்: செம்மஞ்சள் பூக்கள் தீச்சுடர்களெனக் கொழுந்துவிட்டு— (வேண்டாம். பூவைக் கொளுத்தாத எழுத்தாளர் உண்டா?)

இரண்டாம் தொடக்கம்: ஒலிநூல் பதிவுக்கூடத்தில் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினாள். (நிற்கும்.)

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், நாவலை வாசிப்பவன் பாதிப் பத்தியில் நின்றிருந்தான்.

"மறுபடியும் செடியா, மேடம்?"

"செடிதான். நெற்று வெடிச்ச சத்தம் பதிவுல விழுந்துடுச்சு. இன்னொரு டேக் போலாமா?"

"எனக்கென்ன, நாள் முழுக்கப் போலாம்."

அவளுக்கும் அதுவே வேண்டியிருந்தது. நாவல் முடிந்தால் அவன் வரமாட்டான். 'அப்புறமும் வாங்க' என்று சொல்லவோ நா எழவில்லை. வெளியே நெற்று வெடிக்கும்தோறும் அவளுக்குள் ஏதோ துள்ளிக் குதித்தது.

[ஐயம்: பதிவுக்கூடத்துக்குள் நெற்றொலி நுழையுமா? சன்னல் கண்ணாடி மெலிதென்று கொள்க. காதல் வந்தால் கட்டடமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.]

3

கூடத்தின் உரிமையாளர் அவளுடைய அக்கா.

"ஒரு புத்தகத்துக்கு இவ்ளோ நாளாடி? செடி மேல பழியப் போட்டே ரெண்டு பேரும் காலத்த ஓட்டுறீங்க. நாளைக்கு வெட்டிடறேன்."

"பாவம்க்கா. பூத்துக் குலுங்குது."

"எது குலுங்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் சன்னலுக்கு வெளியே அடிக்கட்டை மட்டும் இருந்தது. கடைசி அத்தியாயம். அவன் தங்குதடையின்றி வாசித்தான். அவள் மனத்துக்குள் 'அப்புறமும் வாங்க' என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துப் பார்த்துத் தொலைத்தாள். கடைசிப் பக்கம். கடைசிப் பத்தி.

டக்.

அவள் சன்னலைப் பார்த்தாள். கட்டை. கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். அவன் வாய் அப்போதுதான் மூடிக்கொண்டது; காதுமடல்கள் சிவந்திருந்தன. அப்படியானால், இதுவரை கேட்டவற்றில் செடி வெடித்தவை எத்தனை, அவன் நாக்கைச் சொடுக்கியவை எத்தனை?

"ரொம்ப மோசமான செடி, மேடம்," என்றான்.

4

முடிவு அ: அவள் வாய்விட்டுச் சிரிக்க, அவனும்— (சிரித்தே தப்பித்துவிடுவாள். அடிக்கப்பட்டது.)

முடிவு ஆ: கதவைத் திறந்துகொண்டு அக்கா— (அக்கா நுழைந்தால் எல்லாவற்றையும் அவளே பேசிவிடுவாள்.)

அவன் இருக்கும் அறைக்குள் கேட்குமாறு பேசும் பொத்தானை அவள் அழுத்தியிருக்கிறாள். அவன் ஹெட்போனை இரு கைகளாலும் பிடித்தபடி காத்திருக்கிறான். இதுவரை எல்லோர் வாயிலும் நானே பேசிவிட்டேன். இந்த ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.