நாலு குழாய்க்கு மேல் ஒரு கம்ப்ரசர்

ராக்கையாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. டீ வாங்கிவரச் சொன்னால்கூடத் தூக்குச்சட்டியை ஆட்டிப் பார்த்துத்தான் கையில் வாங்குவான். போடியில் மலைமேல் மெட்டுக்குப் போகிற ரோட்டோரம் தோட்ட மொதலாளி மொக்கச்சாமியின் இடத்தில் தகரம் போட்டு வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வாடகை கிடையாது. மொதலாளி வீட்டுக் கார், ஜீப்பு, மேலே ஏலத்தோட்டத்துச் சோலி எல்லாம் அவன் பார்த்துக் கொடுக்க வேண்டும். எழுத்து கிழுத்து ஒன்றுமில்லை. போ என்றால் போக வேண்டியதுதான்.

எண்பத்து நாலு சித்திரையில் மொக்கச்சாமி அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினார். டிக்கியில் ஒரு ஏசி கம்ப்ரசர் கிடந்தது. மதுரையில் வாங்கியது.

"மகளைப் பொண்ணு பார்க்க மெட்ராஸ்காரங்க வர்றாங்க. தோட்டத்தையும் காட்டணும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டிரு."

"மதுரையிலயே மாட்டியிருக்கலாமே மொதலாளி?"

"முடியாதுன்னுட்டான்."

பானெட்டைத் தூக்கியதும் ராக்கையாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கோயமுத்தூரில் படிக்கிற மொதலாளி மகன், வண்டி வேகமாகப் போகணும் என்று, எஞ்சின் புகை வெளியேறுகிற பழைய வார்ப்பு இரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு, நாலு தனிக்குழாயை வளைத்து மாட்டியிருந்தான். கம்ப்ரசரைத் தாங்குகிற பிராக்கெட் உட்கார வேண்டிய இடத்தில் அந்த நாலும் குடல் மாதிரி நெளிந்துகொண்டு கிடந்தன. மறுபக்கம் வைக்கலாமென்றால் ஸ்டியரிங் தண்டு இடிக்கும்.

"குழாயைக் கழட்டிட்டுப் பழைய இரும்பையே போட்டுருவோம்."

"அதை எடைக்குப் போட்டுட்டான் அந்த எடுபட்ட பய. ரெண்டும் இருக்கணும் ராக்கையா. முடியலைன்னா சொல்லிரு. என் மச்சினன் இந்த இடத்துல டயர்க்கடை வைக்கணும்னு தெனமும் பிராணனை வாங்குறான்."

ராக்கையா கம்ப்ரசரோடு மதுரையிலிருந்து வந்த பிராக்கெட்டை அறுத்தான். அட்டையில் அச்சு வெட்டி, கனத்த தகட்டைக் காய்ச்சி அடித்து, குழாய்களுக்கு மேலே பாலம் மாதிரி வளைத்தான். பெல்ட் கோணாமல் ஓட நூல் பிடித்துப் பார்த்து போல்ட்டை முடுக்கினான். பிராக்கெட் கல்லு மாதிரி நின்றது. ஏசி கேஸ் போகிற ரப்பர் ஓஸ்தான் உறுத்தியது. குழாய்க்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி, அவ்வளவுதான். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூட்டுக்குழாய்க்குச் சுற்றுகிற கல்நார்க் கயிற்றைக் கொண்டுவந்து ஓஸ் மேல் சுற்றிவைத்தான்.

மொதலாளியின் டிரைவர் தவசியோடு சிலமலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். உள்ளே ஐஸ் மாதிரி இருந்தது. தவசிக்குத் தும்மல் வந்துவிட்டது.

"என்னண்ணே, போடிக்குள்ளேயே மெட்டுக் குளிரைக் கொண்டாந்துட்டீக!"

ராக்கையா சிரிக்கவில்லை. இறங்கி ஓஸைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது, ஆனால் கை வைக்கலாம். இது சமதரை. மலையேறினால் அந்த மெல்லிசுக் குழாய் பழுக்கக் காய்ந்துவிடும்.

"முந்தல் தாண்டி மலையேறினா ஏசி போடாதே. ஓஸ் தாங்காது."

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரட்டா?"

"நீ வாயைத் திறக்காதே. வேலை சரியில்லையான்னு கேப்பாரு. மலையில எவனுக்குடா ஏசி வேணும்? குளிருக்குக் கம்பளியில்ல கேப்பான்."

"சரிண்ணே" என்றான் தவசி. அவன் சரி என்று சொன்ன வேகமே ராக்கையாவுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் மலையேறியது. மத்தியானம் அதை ஒரு ஜீப்பு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஜீப்பில் இருந்த தோட்டத்து வேலைக்காரி செல்லத்தாய் பட்டறை முன்னால் குதித்து இறங்கினாள்.

"அண்ணே, நீங்க மாட்டுனது வெடிச்சுப்போச்சு! மேல தூத்தல். கண்ணாடியை ஏத்திட்டாக. மாப்பிள்ளையோட ஆத்தாவுக்கு வளைவுல கொமட்டல், ஏசியைப் போடுன்னுச்சாம். மொதலாளியே சுவிச்சைத் திருகினாராம். கொஞ்ச தூரந்தான், புஸ்ஸுன்னு ஒரே வெள்ளைப் புகை. தீப்பிடிச்சிருச்சுன்னு அந்தம்மா பட்டுச்சேலையோட ஓடைக்குள்ள குதிச்சுருச்சு. காலு பெரண்டுபோச்சு. அப்புறம் அந்தக் கார்ல யாரும் ஏற மாட்டேன்னுட்டாக. எங்களோட மூட்டை கணக்கா இடிபட்டுத்தான் ஜீப்புல வந்தாக. சோறுகூடத் திங்காம பஸ்சுக்குப் போய்ட்டாக."

ராக்கையா ரோட்டுக்கு வந்தான். எட்டிப் பார்த்தான். நாலு வீடு தள்ளி மொக்கச்சாமி வீட்டு வாசலில் கார் நின்றது. தவசி பானெட்டைத் தூக்கி, உள்ளே கையைக் காட்டிக் காட்டி என்னமோ சொல்லிக்கொண்டிருந்தான். மொக்கச்சாமி இடுப்பில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போட்டுக் கொடுக்கிறான். ராக்கையாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. முந்திக்கொள்ள வேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெரசா நடந்தான்.

"மொதலாளி, இவன்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மலையேறும்போது ஏசி போடவிடாதேடா, ஓஸ் தாங்காதுன்னு. காதுல வாங்கலை."

தவசியின் கை பானெட்டுக்குள் அப்படியே நின்றது.

மொக்கச்சாமி மெல்லத் திரும்பினார். "தாங்காதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

ராக்கையா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான்.

"தெரிஞ்சுதான் எங்களை அதுல ஏத்திவிட்டியா?" தவசியைப் பார்த்தார். "ஒன்கிட்டச் சொன்னானா?"

தவசி ராக்கையாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "சொன்னாருங்க."

"நான் சுவிச்சைத் திருகுனப்போ வாயில என்னடா வச்சிருந்தே?"

ராக்கையாதான் சொல்லாதே என்றான் என்று தவசி சொல்லவில்லை. மொக்கச்சாமி கையை நீட்டினார். தவசி கார் சாவியைக் கொடுத்தான்; அவன் வேலை அதோடு போயிற்று. "மாசம் முடியுறதுக்குள்ள தகரத்தைப் பிரிச்சுக்க" என்று ராக்கையாவிடம் சொல்லிவிட்டு, அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

ரெண்டு பேரும் ரோட்டுக்கு வந்தார்கள். தவசி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரோட்டுக் கல்லு தெறிச்சு ஓஸைக் கிழிச்சிருச்சுன்னு சொல்லிட்டிருந்தேண்ணே. அவரும் தலையாட்டிட்டாரு. நாளைக்கு ராக்கையாவை வந்து மாத்தச் சொல்லுன்னு சொல்ல வாயெடுத்தாரு. நீங்க வந்துட்டீக."

ராக்கையா அவன் முகத்தையே பார்த்தான். இது நிசமா, இல்லை இப்போது கட்டிச் சொல்கிறானா என்று பார்த்தான்.

தவசிக்கு அது புரிந்துவிட்டது. "இன்னமும் ரோசனையாண்ணே?" என்றான். பிறகு நிற்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். போனவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மாசக் கடைசியில் ராக்கையா தகரத்தைத் தானே பிரித்தான். கம்பு, கட்டை, உலை எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. வெல்டிங் மிசின் மட்டும் கிடந்தது. மறுமுனை பிடிக்க ஒரு ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்று ரோட்டில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் கயிற்றைப் போட்டுத் தானே இழுக்க ஆரம்பித்தான். மண்ணில் பள்ளம் விழுந்ததே தவிர, மிசின் சாண் தூரம்கூட நகரவில்லை.