தொட்டியோரப் பாத்தி

அண்ணன் கேரட் பாத்தியைக் களையெடுத்து முடித்திருந்தான். மண் சல்லடையில் சலித்ததுபோல் கிடந்தது. ஒரு புல் பூண்டு இல்லை. கேரட்டும் இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் தெரியும். பங்காளிகள் என்றால் சித்தப்பா, பெரியப்பா மக்கள் இல்லை. டவுனில் இருக்கும் குடும்பங்கள். பருவம் தொடங்கும்போதே எங்கள் காய்கறித் தோட்டத்தில் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். வாரம் ஒரு பெட்டி, அந்த வாரம் என்ன விளைந்ததோ அது. விளைந்தாலும் பங்கு, பொய்த்தாலும் பங்கு. "மத்தவங்களுக்குப் பங்காளியால கோர்ட்டு வாசல், நமக்குப் பங்காளியாலதான் சோறு" என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பான். அந்தக் கேரட், கடைசி வாரங்களில் அவர்கள் பெட்டிக்குப் போக வேண்டியது.

"என்னண்ணா பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினேன்.

"களை எடுத்தேன். எப்படி மண்டிக் கிடந்துச்சு தெரியுமா?" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

முளைத்து வரும் கேரட் நூல் மாதிரி இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுவதுண்டு. பிடுங்கியவர்களை அண்ணன் சும்மா விட்டதில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, பிறகு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வான். இப்போது அவனே செய்திருக்கிறான் என்றால் கண்தான் மங்கிவிட்டது என்று கண்ணாடியை மாற்றினோம். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய், களை என்று பீட்ரூட் முளைகளை வெட்டினான்.

"கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா" என்று டாக்டர் சொன்ன விதத்திலேயே எனக்கும் அண்ணிக்கும் பாதி புரிந்துவிட்டது. மறதி நோய் என்றார். இனிமேல் கூடுமே தவிரக் குறையாது என்றார். அண்ணி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அண்ணன் சுவரில் இருந்த காலண்டர் படத்தை ரசித்துக்கொண்டிருந்தான்.

பருவத்தின் நடுவில் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. தக்காளியைப் பறித்துக் கடைசி வரிசைக்குப் போவதற்குள் முதல் வரிசை மறுபடி பழுத்து நிற்கும். வெள்ளரியை ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் முழங்கை பருமனுக்கு ஊதிவிடும். கடைசி வாரங்களுக்கான விதைப்பும் இப்போதுதான். தவறினால் தவறியதுதான், அந்த வருஷத்துக்கு மறு வாய்ப்பு கிடையாது. இந்த நேரத்தில் பயிர் எது, களை எது என்று தெரியாத ஒருவன் கையில் களைக்கொத்தி இருந்தால் என்ன ஆகும்?

"அவர் வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள் அண்ணி. நானும் தலையாட்டினேன். அவனுடைய களைக்கொத்தியைக் கொட்டகையில் தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அதன் பிடி அவன் கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. கூடப் பிறந்தவனிடமே திருடியது போல் இருந்தது எனக்கு.

காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். "என்னை ஏன் யாரும் வேலைக்குக் கூப்பிடல?" என்பான். அண்ணி ஏதேதோ சொல்லி உள்ளே அழைத்துப் போவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வாசல், மறுபடி அதே கேள்வி. சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. ஒரு மதியம் அண்ணி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கட்டிலில் உட்கார்ந்து, போர்வையின் நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்தான். விளிம்பில் தொடங்கி, ஒழுங்காக, ஒன்றுவிடாமல். பாதிப் போர்வை போயிருந்தது.

"இந்தப் பக்கம் முடிஞ்சுது" என்றான் என்னைப் பார்த்து.

அண்ணி சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாளே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த தரிசைக் கொத்திப் பாத்தி போட்டேன். பீன்ஸ் பந்தல் மறைத்துக்கொள்ளும், அங்கிருந்து பார்த்தால் நிஜமான பாத்திகள் தெரியாது. போன வருஷம் மிஞ்சிய கேரட் விதையை அதில் வரிசை வரிசையாகத் தூவினேன். களைதான் தானாக முளைக்குமே, கேரட்டை எதற்கு விதைக்க வேண்டும் என்று அண்ணி கேட்டாள். அண்ணனை எனக்குத் தெரியும். வரிசை இல்லாத மண்ணில் அவன் கொத்தியை வைக்கவே மாட்டான். ஒன்றும் போடாத இடத்தில் எதற்குக் களையெடுப்பது என்பான்.

"சின்னப் பிள்ளைக்குக் கிலுகிலுப்பையைக் குடுத்து உக்கார வெக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

"போர்வை எத்தனை நாளைக்கு வரும் அண்ணி?"

என் நாக்கு அப்படி. சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். விருட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். ஆனால் முளை விட்டதும் அவனைக் கூட்டி வந்து தொட்டியடியில் விட்டது அவள்தான். கொத்தியை நான் எடுத்துக் கொடுத்தேன். எங்கே போயிருந்தது என்றுகூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டு குனிந்தான்.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டான், தூங்கினான். ஒரு துண்டு நிலத்தை அவன் கொத்தி முடிப்பான், அவன் வீட்டுக்குப் போனதும் அதில் நான் மறுபடி விதைப்பேன். அதற்குள் அடுத்த துண்டு முளைத்திருக்கும். பந்தலுக்கு இந்தப் பக்கம் பங்காளிகளுக்காக நான் மறுபடி விதைத்த கேரட் பத்திரமாக வளர்ந்தது. அந்தப் பக்கம் என் அண்ணன் நாள் முழுக்கக் கேரட்டை அழித்துக்கொண்டிருந்தான். எது பயிர், எது வீண் என்று யாராவது என்னிடம் அப்போது கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பங்காளிகளில் ஒரு டீச்சர், பெட்டி எடுக்க வந்தவர், ஒரு நாள் பந்தலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "உங்க அண்ணன் பாத்திதான் தோட்டத்துலயே சுத்தம். அதுல என்ன போடப்போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல டீச்சர்."

"எதுவா இருந்தாலும் எங்க பெட்டிக்கு வந்துடணும்."

வரும் என்று சொல்லிவிட்டு, தக்காளியை எண்ணுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் டீ கொண்டு போனபோது அண்ணன் கொத்தாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தான். சில நாட்களாகவே என்னை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், வேலைக்கு வந்த யாரோ மாதிரி.

"வாலு, இங்க வா" என்றான்.

சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பேர் அது. டீ சிந்தச் சிந்த ஓடினேன்.

உள்ளங்கையில் ஒரு முளையை வைத்திருந்தான். இலையைக் கசக்கி மோந்து பார்த்து, எனக்கும் நீட்டினான். "இது கேரட்டுல்ல?"

"ஆமாண்ணா."

வெட்டி முடித்த துண்டைப் பார்த்தான். முளைத்து நிற்பதைப் பார்த்தான். நான் முந்தின நாள் விதைத்து, தண்ணீர் தெளித்திருந்த துண்டைப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் நிலத்தைப் பார்த்தவன். அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது எந்தப் பெட்டிக்கும் இல்ல, அப்படித்தானே?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "உனக்குத்தாண்ணா" என்றேன்.

டீயை வாங்கி முழுவதும் குடித்தான். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். இனி கொத்தியை வீசிவிடுவான், வீட்டுக்குப் போய்விடுவான், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"வரிசை கோணலா இருக்கு" என்றான். "அடுத்த தடவ கயிறு கட்டி விதை."

அப்புறம் குனிந்து, கேரட் என்று தெரிந்தே, அதை வெட்டத் தொடங்கினான். ஒன்றைக்கூட விடவில்லை. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளே இரண்டு முளைக்குச்சி அடித்து, கயிறு இழுத்துக் கட்டி, அவன் வெட்டிய இடத்தில் விதைத்தேன். அவ்வளவு கவனமாகப் பங்காளிகளுக்குக்கூட நான் விதைத்ததில்லை. முளை விட்டபோது பாத்தி முழுக்கக் கோடு போட்டதுபோல் பச்சையாக இருந்தது.

அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, பாத்தியருகில் நின்று வெகுநேரம் பார்த்தான்.

"பாரும்மா" என்றான் என்னிடம். "களைகூட எவ்வளவு நேரா முளைச்சிருக்கு."

"ஆமாண்ணா" என்றேன். "இந்த வருஷம் அப்படித்தான் முளைக்குது." கொத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.